வெந்நீர் வலிப்பு: மைசூருச் சீமை கற்றுத்தந்த வைத்தியம்

குளியலறையில் தொடங்கும் ஒரு நோயைக் கண்டுபிடிக்க, ஸ்கேனைவிட ஒரு சரியான கேள்விதான் அதிகம் உதவியிருக்கிறது. அந்தக் கேள்வியை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோவதுதான் இனி பாக்கி.

தீபாவளிக்கு முந்தைய நாளை மைசூருப் பக்கத்தில் ‘நீரு தும்புவ ஹப்ப’ என்பார்கள். தண்ணீர் நிரப்பும் பண்டிகை. குளியலறையில் வெந்நீர் போடும் செம்பு அண்டாவான ஹண்டேயைப் பளபளவென்று துலக்கி, பொட்டும் பூவும் வைத்து, தண்ணீர் நிரப்பி, மறுநாள் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குத் தயாராக வைப்பார்கள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, ஆவி பறக்கும் வெந்நீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்வது பண்டிகை நாளோடு முடிகிற வழக்கமும் அல்ல. வாரத்துக்கு ஒரு முறையோ பத்து நாளைக்கு ஒரு முறையோ தலைக்குக் குளிப்பது இந்தச் சீமையில் பல வீடுகளில் உண்டு. அந்தக் குளியலின் நடுவே சிலருக்கு மட்டும் ஒன்று நேர்கிறது. நாலைந்து சொம்பு ஊற்றியதும் பார்வை நிலைகுத்துகிறது. காரணமில்லாமல் பயம் கவ்வுகிறது. பேச்சு குழறுகிறது, அல்லது சம்பந்தமில்லாத பேச்சாக வருகிறது. சிலருக்கு எதிரே இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உடல் முழுவதும் வெட்டி இழுத்து நினைவு தப்புகிறது. பத்தில் ஒருவருக்கு இதற்கெல்லாம் நேர்மாறான ஒன்று: வெந்நீரை நிறுத்தவே மனம் வராமல், நினைவு தப்பும் வரை மேலும் மேலும் ஊற்றிக்கொள்ளும் அடங்காத ஆசை. மருத்துவர்கள் இதை வெந்நீர் வலிப்பு என்கிறார்கள். உலகில் இந்த நோய் மிக அதிகமாகப் பதிவாகியிருக்கும் வட்டாரம் தென்கர்நாடகம். அதற்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது துருக்கி.

இதைப் பற்றி எழுத இரண்டு சுலபமான வழிகள் உண்டு. ‘இப்படியும் ஒரு வியாதியா’ என்று வியந்துவிட்டுப் போகலாம். ‘வெந்நீரை விட்டுவிடுங்கள்’ என்று புத்தி சொல்லியும் முடிக்கலாம். இந்தச் சீமையில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சியை இரண்டுமே வீணடித்துவிடும். அந்த ஆராய்ச்சியை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். வலிப்பு நோயைக் கண்டுபிடிப்பதிலும் கட்டுக்குள் வைப்பதிலும் மருத்துவர் கையில் இருக்கும் முதல் கருவி, நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதைத் துருவிக் கேட்கும் கேள்விதான். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி., ஸ்கேன், மரபணுச் சோதனை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு நோய் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் கணிசமானோர் வாழும் ஊர்களில் நரம்பியல் நிபுணரும் கிடையாது, ஸ்கேன் இயந்திரமும் கிடையாது. அதனால் இது மைசூரோடு நின்றுவிடும் பேச்சு இல்லை.

கேட்டதால் கிடைத்த நோய்

வெந்நீர் பட்டால் வலிப்பு வருகிறது என்ற செய்தி மருத்துவ ஏடுகளில் முதலில் பதிவானது 1945ல், நியூசிலாந்தில், ஒரு சிறுவனைப் பற்றி. அன்று அது ஓர் அபூர்வ நிகழ்வு, அவ்வளவுதான். 1968ல் பெங்களூரின் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவருடைய சகாக்களும் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் தங்கள் முதல் அறிக்கையை வெளியிட்டபோதுதான், ஓர் ஊரில் ஒருவருக்கு வந்த விந்தை என்ற நிலை மாறியது. 1972ல் அவர்கள் 60 நோயாளிகளின் விவரங்களோடு மறுபடி எழுதினார்கள். 1988ல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் குழுவினரும் 279 பேரை ஆராய்ந்து ‘எபிலெப்சியா’ இதழில் எழுதினார்கள். இருபது ஆண்டுகளில் ஒரு விந்தை, தனக்கென்று அடையாளங்களும் போக்கும் உள்ள ஒரு நோயாக நிலைபெற்றது.

இந்த 279 பேரும் திடீரென்று முளைத்துவிடவில்லை. அவர்களுடைய தாத்தா பாட்டி காலத்திலும் குளியலறைகளில் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பித்தம் தலைக்கேறிவிட்டது, சீயக்காய் ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் வயிற்றில் குளித்ததால் மயக்கம், காத்துக் கருப்பு என்று வீட்டில் சொல்லச் சமாதானங்கள் நிறைய உண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், ‘எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது’ என்ற வழக்கமான விசாரணையில் வெந்நீர் தலைகாட்டாது. அதைக் கேட்கத் தோன்ற வேண்டுமானால், தலைக்குக் குளிப்பது என்றால் இங்கே என்ன நடக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் பதிவானவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைகள். வெந்நீர்த் தொட்டியில் உடம்பை அமிழ்த்தும்போது வலிப்பு வந்தவர்கள். இங்கே வருவது சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும், 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரைத் தலையில் விடாமல் ஊற்றும்போது. குளிக்கும் முறையைக் கேட்காத மருத்துவருக்கு இந்த இரண்டும் ஒரே குடும்பத்து நோய்கள் என்பது தெரிய வழியே இல்லை.

இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் இந்த நோயே சாட்சி. வலிப்பு வராத நேரத்தில் எடுக்கும் இ.இ.ஜி. பதிவு இவர்களில் பெரும்பாலோருக்கு இயல்பாகவே இருக்கும். ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் அதில் மாறுதல் தெரியும். மூளை ஸ்கேனும் அநேகமாகக் கைவிரித்துவிடும். வலிப்பு வரும் நேரத்திலேயே பதிவெடுக்கலாமே என்றால், தலை முழுக்க மின்முனைகளை ஒட்டிவைத்து, அதே தலையில் வெந்நீரை ஊற்றச் சொல்ல வேண்டும். ஈரத்தில் மின்முனை நழுவும், உடல் அசைவில் பதிவு கலங்கும். அதையும் மீறிச் சிலரிடம் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் விடாமுயற்சிக்குச் சான்றே தவிர, அன்றாட வைத்தியத்துக்கான வழி ஆகாது. அன்றாட வைத்தியத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுப்பது நோயாளியும், அவர் குளிக்கும்போது பக்கத்தில் இருந்தவரும் சொல்லும் விவரம்தான்.

எளந்தூர் சொன்ன கணக்கு

ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை வைத்து மட்டும் ஒரு நோயின் அளவைக் கணக்கிட முடியாது. வராதவர்கள் கணக்கில் விட்டுப்போவார்கள். இதை நன்றாக உணர்ந்தவர் டாக்டர் மணி. மைசூருக்குத் தென்கிழக்கே, பிலிகிரிரங்கன் மலையடிவாரத்தில் இருக்கிறது எளந்தூர் தாலுகா. அன்றைக்கு மைசூரு மாவட்டம்; 1997ல் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது சேர்ந்திருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 64,963 பேரைக் கணக்கெடுத்தார்கள். 1998ல் வெளியான முடிவுகளின்படி ஆயிரத்துக்கு 4.63 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் டாக்டர் எம். கௌரிதேவி தலைமையில் 1,02,557 பேரிடம் நடந்து, 2004ல் வெளியான இன்னொரு கணக்கெடுப்பு, நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7, கிராமத்தில் 11.9 என்றது. எண்கள் வேறுபடுவது ஆச்சரியம் இல்லை. யாரை வலிப்பு நோயாளி என்று சேர்ப்பது, எவ்வளவு ஆழமாகக் கேட்பது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். வெந்நீர் வலிப்பு பெங்களூர் நகரத்தைவிட எளந்தூர்க் கிராமங்களில் பல மடங்கு அதிகம் என்பதும் இத்தகைய கணக்கெடுப்புகளால்தான் தெரியவந்தது.

எளந்தூர் ஆய்வின் பெரிய பலன் தலைக்கணக்கோடு நிற்கவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டாய்ன் என்ற இரண்டு பழைய, மலிவான மருந்துகளில் ஒன்றை அவர்கள் ஊரிலேயே கொடுத்து, ஐந்து ஆண்டுகள் விடாமல் கண்காணித்தார்கள். 2001ல் ‘லான்செட்’ இதழில் வெளியான அந்த ஆய்வு, கிராமத்திலேயே எளிய மருந்தால் பெரும்பாலானவர்களின் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டியது. சிகிச்சை தொடங்குமுன் குறைவான தடவை வலிப்பு வந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. இந்தப் பின்குறிப்புதான் நமக்கு முக்கியம். தாமதத்துக்கு விலை உண்டு என்று அது சொல்கிறது. கேள்வியை இன்று கேட்பதற்கும் ஐந்து வருஷம் கழித்துக் கேட்பதற்கும் நடுவே நோயாளியின் மூளையில் பலமுறை புயலடித்து ஓய்ந்திருக்கும்.

தண்ணீரா, மூளையா?

காரணம் வெந்நீரில் இருக்கிறதா, குளிப்பவரின் மூளையில் இருக்கிறதா? இரண்டும் கூடும் இடத்தில் இருக்கிறது என்பதே இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளின் சாரம். நம் உடலின் சூட்டை ஒரு வரம்புக்குள் வைத்திருப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். தலையில் வெந்நீர் விடாமல் விழும்போது சூடு மளமளவென்று ஏறுகிறது. அந்த வேகமான ஏற்றத்தைச் சமாளிக்கும் ஏற்பாட்டில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கலாம் என்பதுதான் நிம்ஹான்ஸ் குழுவினர் முன்வைத்த கருத்து. 1996ல் அவர்கள் எலிகளின் மீது வெந்நீர் விட்டுச் சோதித்தபோது வலிப்பு வந்தது. 2001ல் வெளியான ஸ்பெக்ட் ஸ்கேன் ஆய்வில், வெந்நீரால் வலிப்பு வந்த சிலரின் மூளையில் அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் பெருகிய இடங்களைப் பார்க்க முடிந்தது. பொட்டு மடலின் (டெம்போரல் லோப்) உட்பகுதி ஒன்று; இன்னொன்று அதே ஹைப்போதலாமஸ். பயம், பிரமை, இனம்புரியாத இன்பம் எல்லாம் வலிப்பின் தொடக்கத்தில் ஏன் தலைகாட்டுகின்றன என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. அந்த உணர்ச்சிகளின் இருப்பிடமும் பொட்டு மடலின் உட்பகுதிதான்.

இது வெறும் பழக்கத்தின் விளைவு, வெந்நீர்க் குளியலைக் கைவிட்டால் நோயும் போய்விடும் என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். பழக்கம் மட்டும் காரணமானால் கணக்கு இடிக்கிறது. எண்ணெய்க் குளியல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் உண்டு. வட இந்தியக் குளிர்காலத்தில் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிக் குளிக்காதவர் யார்? அங்கெல்லாம் இது தென்கர்நாடகம் அளவுக்குப் பதிவாகவில்லை. ஒரே ஹண்டேயில் இருந்து ஒரே வெந்நீரை எடுத்துக் குளிக்கும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வலிப்பு வருகிறது. ஒரு சிறு பங்கினரின் குடும்பங்களில் பல தலைமுறையாக வருகிறது. பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவினர், நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து, 2009ல் 4ஆம் குரோமோசோமிலும் 10ஆம் குரோமோசோமிலும் இந்த நோயோடு தொடர்புள்ள பகுதிகளை அடையாளம் காட்டினார்கள். 2017ல் எஸ்.எல்.சி.1ஏ1 என்ற மரபணுவில் சில நோயாளிகளிடம் அரிய மாறுதல்கள் இருப்பதாக எழுதினார்கள். நரம்பணுக்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வேலை முடிந்ததும் அப்புறப்படுத்தும் புரதத்துக்கான மரபணு அது. தூண்டும் ரசாயனம் தேங்கினால் மூளை எளிதில் கொதிநிலைக்குப் போகும் என்பது நரம்பியலில் நன்கு தெரிந்த விஷயம்.

அப்படியானால் எல்லாம் மரபணுவின் வேலை என்று மறுகோடிக்குப் போகலாமா? அதுவும் சரியாகாது. பெரும்பாலான நோயாளிகளின் வீட்டில் வேறு யாருக்கும் இந்த நோய் கிடையாது. நோய் தலைமுறையாக வரும் குடும்பங்களும் மரபணுத் தொகுதியின் ஒரே பகுதியைச் சுட்டவில்லை. வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு குரோமோசோம்களைக் காட்டுகின்றன. மரபணுவில் மாறுதல் உள்ளவராலும் மிதமான சூட்டில் நிதானமாகக் குளித்தால் வலிப்பு வராமல் காலம் தள்ள முடிகிறது. மரபணு ஆராய்ச்சி நோயின் வேரைத் தேடுகிறது. நோயாளியின் அடுத்த வாரக் குளியலைப் பாதுகாக்கும் யோசனை அங்கிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அது வந்தது, சூடு எவ்வளவு, எவ்வளவு வேகமாக ஊற்றுகிறீர்கள், தலையிலா உடம்பிலா என்ற கேள்விகளில் இருந்துதான்.

இது வலிப்பு நோய்தானா?

மருத்துவர்களிடையே எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. வலிப்பு நோய் என்றால் தூண்டுதல் இல்லாமல் தானாக வலிப்பு வர வேண்டும். காய்ச்சலில் வரும் குழந்தை வலிப்பை நாம் வலிப்பு நோய் என்று சொல்வதில்லையே, வெந்நீரால் வருவதை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். ‘வலிப்பு நோயாளி’ என்ற பெயர் நம் நாட்டில் லேசான சுமையும் அல்ல. ஆனால் 2014ல் சர்வதேச வலிப்பு நோய்த் தடுப்புக் கழகம் கொடுத்த வரையறை, குறிப்பிட்ட தூண்டுதலால் திரும்பத் திரும்ப வலிப்பு வரும் வகைகளையும் வலிப்பு நோய்க்குள் சேர்த்திருக்கிறது. காய்ச்சல் வந்துபோகும் ஒரு தற்காலிக நிலை. வெந்நீரோ மற்ற எல்லோருக்கும் தீங்கில்லாத அன்றாடப் பொருள். அதற்கு வலிப்பாகப் பதில் சொல்லும் மூளையில் நிலையான ஒரு முனைப்பு இருக்கிறது என்பதுதான் அந்த வரையறையின் தர்க்கம். நோயின் போக்கும் இதற்குத் துணை நிற்கிறது. வெந்நீர் வலிப்பு உள்ளவர்களில் 16 முதல் 38 சதவீதம் பேருக்குச் சில ஆண்டுகள் கழித்து வெந்நீர் இல்லாமலே வலிப்பு வரத் தொடங்குகிறது என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. எலிகளிலும், வெந்நீரால் மறுபடி மறுபடி வலிப்பு வரவழைத்தபோது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பிழைகள் புதிதாகக் கிளைவிட்டதை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2006ல் காட்டினார்கள். ஆகவே ‘குளிக்கும்போது மட்டும்தானே வருகிறது, விடுங்கள்’ என்று அலட்சியப்படுத்துவதற்கு இல்லை.

அலட்சியம் கூடாது என்பதற்காக ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை என்று எழுதிக்கொடுப்பதும் மறுபக்கத்துத் தவறு. வெந்நீர் மட்டுமே தூண்டும் ஒருவருக்கு முதல் மருந்து குளியலை மாற்றுவதுதான். நீரின் சூட்டைக் குறைக்க வேண்டும். சொம்பால் தலையில் நேரடியாகக் கொட்டாமல், ஈரத்துணியால் துடைப்பதோ சிறிது சிறிதாக நனைப்பதோ நல்லது. கதவை உள்ளே தாழ்போடக் கூடாது; கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கொதிக்கும் ஹண்டேக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் உட்கார்ந்து குளிப்பது, வலிப்போடு தீக்காயத்தையும் சேர்த்து வரவழைக்கும். ஆறு, குளம், கிணற்றில் தனியாக இறங்குவது வலிப்பு நோய் உள்ள எவருக்குமே ஆகாது. இவ்வளவும் செய்து வலிப்பு நிற்காதவர்களுக்கு இடைவிட்டு மருந்து கொடுக்கும் முறை இருக்கிறது. தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பு, மருத்துவர் சொன்ன அளவில் குளோபசாம் மாத்திரை, அந்த ஒரு வேளை மட்டும். 2003ல் சென்னை நரம்பியல் மருத்துவர்களான எம். தனராஜும் ஏ. ஜெயவேலுவும் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு நிம்ஹான்ஸ் ஆய்வும் இதற்கு ஆதரவாகவே அமைந்தது. குளோபசாமைத் தினமும் எடுத்தால் நாளடைவில் உடல் அதற்குப் பழகி, பலன் மங்குவது உண்டு. வாரத்துக்கு ஒன்று என்றால் அந்தத் தொல்லை குறைவு. தானாகவும் வலிப்பு வருகிறவர்களுக்குத்தான் வழக்கமான தினசரி மருந்து தேவைப்படுகிறது.

இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகள் சிறியவை, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனைகள் அல்ல என்று யாரேனும் சொன்னால், அது உண்மைதான். ஆனால் இந்த நோயில் ஒரு வசதி இருக்கிறது. தூண்டுதல் எது, எப்போது வரும் என்பது தெரியும். மருந்து இல்லாமல் குளித்த நாட்களையும் மருந்தோடு குளித்த நாட்களையும் ஒரே ஆளிடம் ஒப்பிடலாம். அவரே அவருக்கு அளவுகோல். பெரிய சோதனைகள் வர வேண்டும், வருவது நல்லது. அவை வரும் வரை, விலை குறைவான, ஆபத்து குறைவான, காரணத்தோடு பொருந்தும் ஒரு முறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. மைசூரு மருத்துவக் கல்லூரியும் மைசூரு பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒரு குழு 2007ல், வெந்நீர் வலிப்பு உள்ள சிலர் தாக்குதலைத் தாங்களே தடுத்து நிறுத்திக்கொள்வதைப் பற்றி எழுதியது. நோயாளி தன் நோயைக் கவனித்து வைத்திருக்கும் அறிவும் ஆராய்ச்சிக்குரிய பொருள்தான் என்று அந்த வேலை ஒப்புக்கொள்கிறது. நோயாளியின் பேச்சுக்குக் காதுகொடுத்தால்தான் இப்படிப்பட்ட தகவல் ஏட்டில் ஏறும்.

கணக்கில் வராத பெண்கள்

இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெந்நீர் வலிப்பு பெண்களைவிட ஆண்களிடம் இரு மடங்கோ அதற்கு மேலோ காணப்படுகிறது. நீளக் கூந்தலை அலசி எடுக்க அதிக நேரம், அதிக வெந்நீர் ஊற்றிக் குளிப்பவர்கள் பெண்கள். பழக்கமே காரணம் என்றால் கணக்கு பெண்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஆகவே ஆண் உடலில் ஏதோ கூடுதல் நாட்டம் இருக்கலாம் என்று வாதிடலாம். அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி ஏட்டில் இருந்து எடுத்த விகிதத்தை அப்படியே உடலியல் உண்மை என்று கொள்வதற்கு முன், யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரப்படுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு ஃபிட்ஸ் வந்தால் வெளியில் மூச்சுவிடாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மூடிய குளியலறைக்குள் மட்டும் வரும் நோயை மறைப்பது அதைவிடச் சுலபம்.

அந்தப் பயத்துக்குச் சட்டமும் ஒரு காலத்தில் துணை போனது. இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோயோடு வலிப்பு நோயையும் சேர்த்து, திருமணத்துக்குத் தடையான காரணமாக வைத்திருந்தார்கள். 1999ல் வந்த திருத்தம்தான் வலிப்பு என்ற அந்தச் சொல்லை நீக்கியது. சட்டத்தில் இருந்து போய் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சில் இருந்து இன்னும் போகவில்லை. நோயின் பெயரைச் சொல்லிக் கணக்கெடுத்தால் ஜனங்கள் இன்னும் பயந்து ஒளிப்பார்கள், வெந்நீர் என்றாலே அஞ்சுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் இங்கே வரலாம். விவரம் சொல்வதால் வரும் பயத்தைவிட, விவரம் தெரியாமல் வரும் பயம்தான் இதுவரை அதிகக் கேடு செய்திருக்கிறது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கிடையில் கரண்டியை நுழைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்த அறியாமையின் பிள்ளைகள். வலிப்பு வந்தவரை வெந்நீரில் இருந்து விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், பக்கத்தில் இருந்து நேரம் பார்த்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணெய்க் குளியலை யாரும் விட வேண்டியதில்லை. லட்சக்கணக்கானோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் குளிக்கும் ஊர் இது.

இனி செய்ய வேண்டியது

கடைசி ஆட்சேபம், அரசுப் பணத்தைப் பற்றியது. காசநோயும் சர்க்கரையும் இருக்கும்போது, ஒரு வட்டாரத்து அபூர்வ நோய்க்கு ஏன் இவ்வளவு கவனம்? கர்நாடகத்தில் வெளியான ஆய்வுகளில் வலிப்பு நோயாளிகள் நூறு பேரில் நாலு முதல் ஏழு பேர் வரை வெந்நீர் வலிப்புக்காரர்கள். அது ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை. அதைவிட முக்கியம், இதற்காகத் தனியாக ஒரு திட்டமோ கட்டடமோ கேட்கவில்லை. சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏழை நாடுகளில் நாலில் மூன்று பங்கினருக்கு அந்தச் சிகிச்சை போய்ச் சேருவதில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இந்த இடைவெளியை ஸ்கேன் இயந்திரங்களால் மட்டும் நிரப்ப நினைத்தால் நம் காலத்தில் முடியாது.

எளந்தூர் காட்டிய வழி இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளரின் விசாரணைப் படிவத்தில் ‘தலைக்குக் குளிக்கும்போது யாருக்காவது நினைவு தப்பியதுண்டா, பயந்து உளறியதுண்டா’ என்று ஒரு வரி சேர்க்கலாம். மைசூரு, மண்டியா, சாமராஜநகர் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், இ.இ.ஜி. இயல்பாக இருந்தாலும் வெந்நீர் வலிப்பு இருக்கலாம் என்று மருத்துவ அலுவலர்களுக்கு ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கலாம். ஃபீனோபார்பிட்டாலும் குளோபசாமும் அங்கே தட்டாமல் கிடைக்கச் செய்யலாம். சாமராஜநகரில் இருந்து எல்லை தாண்டினால் ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி. அங்கே கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன, குளிக்கும் முறையும் பொது. மாநில எல்லையில் கணக்கெடுப்பை நிறுத்தாமல், தமிழ்நாடும் கர்நாடகமும் சேர்ந்து ஒரே படிவத்தோடு இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகலாம். அப்படிப் போனால் பெண்களின் உண்மையான எண்ணிக்கையும் தெரியவரும், மரபணு ஆய்வாளர்களுக்குப் புதிய குடும்பங்களும் கிடைக்கும், ஒப்பீட்டுச் சோதனைக்கு வேண்டிய ஆட்களும் சேருவார்கள். பெரிய ஆராய்ச்சி என்று நாம் எதிர்பார்ப்பது எல்லாம் அந்த ஒரு வரிக் கேள்வியை நம்பித்தான் இருக்கிறது. அதைப் படிவத்தில் சேர்க்கச் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.